வெள்ள மேட்டில் ஒரு பாடம்

அஸ்ஸாம் மாநிலத்தில் பிரம்மபுத்திரா நதியின் தென்கரையோரம் காசிரங்கா என்னும் வனம் இருக்கிறது. சுமார் 430 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புல்வெளியும் சதுப்பு நிலமுமான அந்த வனம் 1974ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக ஆக்கப்பட்டது. 1985ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. உலகில் ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகங்கள் மிக அதிகமாக வாழுமிடம் இதுதான். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2,613 காண்டாமிருகங்கள் அங்கே இருந்தன. யானையும், காட்டு எருமையும், புலியும், பலவகை மான்களும் அங்கே உண்டு.

மழைக்காலம் வந்ததும் பிரம்மபுத்திரா கரை புரண்டு அந்த வனத்துக்குள் புகுந்து விடுகிறது. பெருவெள்ள ஆண்டுகளில் வனத்தின் பெரும்பகுதி நீருக்குள் போய்விடும். அப்போது விலங்குகளுக்கு இரண்டே வழிகள். வனத்துக்குள் மண்ணைக் கொட்டி உயர்த்தப்பட்டுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட மேடுகளில் ஏறி நிற்க வேண்டும். அல்லது தெற்கே நெடுஞ்சாலையைக் கடந்து கர்பி ஆங்லாங் மலைக்குப் போய்ச் சேர வேண்டும்.

அந்த மேடுகளில் ஏற்படும் காட்சி சிந்திக்கத் தக்கது. ஆளைக் கண்டால் சீறிப் பாயும் காண்டாமிருகம் அசையாமல் நிற்கிறது. காட்டு எருமை அதன் அருகிலேயே நிற்கிறது. நிழல் அசைந்தால் ஓடும் மான் ஓடுவதற்கு இடமின்றி அவற்றுக்கு நடுவே ஒண்டிக் கொள்கிறது. இது என் இடம், அது உன் இடம் என்ற பேச்சு அங்கே இல்லை.

இக்காட்சியைப் பற்றிக் கேள்விப்படும் எந்த முஸ்லிமுக்கும் திருமறையின் தக்வீர் சூரா நினைவுக்கு வரும். கியாமத்து நாளின் அடையாளங்களை வரிசையாகச் சொல்லி வரும் அந்த சூராவில், வனவிலங்குகள் ஒன்று சேர்க்கப்படுவதும் ஓர் அடையாளமாகக் கூறப்படுகிறது. அதற்கு முந்தைய வசனம், அரபிகள் தங்கள் செல்வத்திலெல்லாம் பெரிதாக மதித்த நிறைகர்ப்ப ஒட்டகங்களும் அன்று கவனிப்பாரற்று விடப்படும் என்கிறது. திடுக்கம் மிகுதியாகி, விலங்குகள் தம் இயல்பையே மறந்து ஒன்றோடொன்று கலந்து விடும் என்று விரிவுரையாளர்கள் சிலர் இதற்கு விளக்கம் தந்திருக்கிறார்கள். ஒரு நதியின் வெள்ளமே காட்டு மிருகங்களை இப்படி ஆக்கி விடுமானால், அந்த நாளின் திடுக்கம் எப்படி இருக்கும்!

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மேட்டில் நிற்கும் அந்த விலங்குகளின் அமைதியை நாம் நற்குணம் என்று சொல்லலாமா? "ஐந்தறிவுள்ள மிருகங்களே ஆபத்தில் ஒற்றுமையாக இருக்கின்றன, மனிதன் இல்லையே" என்று மேடைகளில் பேசக் கேட்கிறோம். சற்று ஆழ்ந்து பார்த்தால் அந்தப் பேச்சு முழுவதும் சரியல்ல. வெள்ளம் வடிந்ததும் புலி மானைத் துரத்தத்தான் செய்யும். அதில் குற்றமும் இல்லை. அல்லாஹுத்தஆலா அதன் ரிஸ்கை அவ்வாறே அமைத்திருக்கிறான். மேட்டின் மேல் நிலவிய அமைதி அச்சம் தந்த அமைதி. அச்சம் போனதும் அதுவும் போய்விட்டது.

மனிதனின் நிலை வேறு. அச்சத்தில் மட்டும் நல்லவனாக இருப்பது அவனுக்குப் பெருமையல்ல, குற்றம். கப்பலில் ஏறிப் புயலில் சிக்கியவர்கள் மனத்தூய்மையோடு அல்லாஹ் ஒருவனையே அழைப்பதையும், கரை சேர்ந்ததும் அவனுக்கே இணை வைப்பதையும் திருமறை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எடுத்துக் காட்டிக் கண்டிக்கிறது. நம் வீடுகளைப் பாருங்கள். மய்யித்து வீட்டில் பேசாத அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் நின்று சந்தூக்கைத் தூக்குகிறார்கள். நாற்பது நாள் கழிந்ததும் வாசல் சுவருக்காக வழக்கு மன்றம் ஏறுகிறார்கள். காசிரங்காவின் மானுக்கும் புலிக்கும் இதைவிட வேறு வழி இல்லை. நமக்கு உண்டு. வெள்ளம் வடிந்த பிறகும் நிலைக்கின்ற ஒற்றுமைக்குத்தான் ஈமான் என்று பெயர்.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. பாவமறியாத அந்த ஜீவன்களுக்கு ஏன் இந்தச் சோதனை? 2017ஆம் ஆண்டு வெள்ளத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட விலங்குகள் மாண்டன. 2024ஆம் ஆண்டிலும் நூற்றுக்கும் மேற்பட்டவை மாண்டன. அவற்றில் பெரும்பாலானவை பன்றிமான் என்னும் சிறிய மான்கள். கன்றுகள் தாயைப் பிரிந்து தத்தளிக்கின்றன.

ஆனால், அந்த வனம் உயிரோடிருப்பதே இந்த வெள்ளத்தால்தான் என்பதையும் அறிய வேண்டும். வெள்ளம் கொண்டு வரும் வண்டலில்தான் அடுத்த பருவத்தின் புல் வளர்கிறது. ஏரிகளும் குளங்களும் நிரம்புகின்றன, மீன் பெருகுகிறது, நீரை மூடி அடைத்திருக்கும் ஆகாயத்தாமரை அடித்துச் செல்லப்படுகிறது. வெள்ளமே வராமற் போனால் புல்வெளி சிறிது சிறிதாக மரக்காடாகி, காண்டாமிருகத்தின் மேய்ச்சல் அற்றுவிடும். ஒரே நீரில் அழிவும் ரஹ்மத்தும் கலந்து வருகின்றன.

இதைச் சொல்லி விட்டால் மூழ்கிய கன்றின் வேதனை தீர்ந்து விட்டதாகுமா என்றால், ஆகாது. அதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நம் ரப்பின் நீதி நம் கண்ணுக்கெட்டும் தூரத்தோடு முடிவதில்லை. கொம்பில்லாத ஆட்டுக்காகக் கொம்புள்ள ஆட்டிடம் மறுமையில் பழி தீர்க்கப்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஆட்டின் கணக்கையே மறக்காதவன் எதையும் மறக்க மாட்டான். அவன் செயலுக்கு நாம் கேட்கப்பட மாட்டோம். நம் செயலுக்குத்தான் கேட்கப்படுவோம்.

நம் செயல் என்ன? வெள்ளத்துக்குத் தப்பி ஓடிவரும் விலங்கு நெடுஞ்சாலையில் வேகமாக வரும் லாரியில் அடிபட்டுச் சாகிறது. நீரைக் கடந்து வந்த ஜீவனைச் சக்கரம் கொல்கிறது! கொம்புக்காகக் காண்டாமிருகத்தைச் சுடும் கள்ளவேட்டைக்காரர்களும் வெள்ளக் காலத்தில் அது இடம் பெயர்வதைத் தங்களுக்கு வாய்ப்பாக்கிக் கொண்டிருக்கிறார்கள். அடைக்கலம் தேடி வந்ததை அந்த நேரம் பார்த்துக் கொல்வது எவ்வளவு பெரிய கொடுமை!

ஆனால் மனிதன் மனம் வைத்தால் நிலை மாறுகிறது. வெள்ளக் காலத்தில் அந்தச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாதென்று கட்டுப்பாடு விதிக்கிறார்கள். வண்டி நுழையும் நேரத்தைச் சீட்டில் குறித்துக் கொடுத்து, மறுமுனையில் சரிபார்த்து அபராதம் வாங்குகிறார்கள். 2013, 2014ஆம் ஆண்டுகளில் ஆண்டுக்கு இருபதுக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களை வேட்டையில் பறிகொடுத்த அஸ்ஸாமில், 2022ஆம் ஆண்டில் ஒன்றுகூட அவ்வாறு கொல்லப்படவில்லை.

2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். வெள்ளத்துக்கு அஞ்சி வெளியேறிய ஒரு பெண்புலி, நெடுஞ்சாலை ஓரத்து வீடொன்றில் புகுந்து, கட்டிலின் மேல் ஏறிப் படுத்துவிட்டது. களைப்பால் பகலெல்லாம் உறங்கியது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு வெளியேறிக் காத்திருந்தார். மாலையில் சாலைப் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்டார்கள். புலி எழுந்து சாலையைக் கடந்து காட்டை நோக்கிப் போயிற்று. யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லை.

ஒரு பிரயாணத்தின்போது தோழர்கள் சிலர் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்து விட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளை எடுத்து இதைத் துயரப்படுத்தியவர் யார் என்று கேட்டு, திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். மதீனாவின் எல்லைக்குள் வேட்டையாடுவதையும் மரம் வெட்டுவதையும் தடுத்தார்கள். நகீஃ என்னுமிடத்தைக் குதிரைகளின் மேய்ச்சலுக்காகப் பாதுகாக்கப்பட்ட நிலமாக்கினார்கள். ஆகவே, உயிர்களுக்கென ஓர் எல்லையை ஒதுக்கி வைப்பது நமக்குப் புதிய செய்தியல்ல.

"ஆட்டையும் மாட்டையும் அறுத்து உண்ணும் நீங்கள் இரக்கத்தைப் பேசலாமா?" என்று சிலர் கேட்கக் கூடும். பேசலாம், பேசவும் வேண்டும். உண்பதற்கு அனுமதி தந்த மார்க்கமே அதற்கு வரம்பும் விதித்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி, படைத்தவன் பெயரால் அறுக்க வேண்டும். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். ஆட்டின் கண் முன்னே கத்தியைத் தீட்டியவரை, அதைப் பலமுறை சாகடிக்க நினைக்கிறாயா என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். உயிருள்ளதைக் கட்டி வைத்துக் குறிபார்த்து எறிபவரைச் சபித்தார்கள். உரிமையோடு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் ஆட்கள் ஏறிய கப்பலைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன உவமை நமக்குத் தெரியும். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காகத் தங்கள் பகுதியில் துளையிட முனைந்தார்கள். மேலே இருப்பவர்கள் தடுக்காவிட்டால் எல்லாரும் மூழ்குவார்கள். தடுத்தால் எல்லாரும் பிழைப்பார்கள். காசிரங்காவின் மேடும் ஒரு கப்பல்தான். நம் வீடும், தெருவும், இந்தப் பூமியும் கப்பல்களே. அதில் துளையிடும் ஆற்றல் மானுக்கும் புலிக்கும் இல்லை. நமக்கு மட்டுமே இருக்கிறது.

தாய்மார்களே! தெருநாயின் மேல் கல்லெறியும் பிள்ளையின் கையை இன்றே பிடித்துத் தடுங்கள். கோடையில் கொல்லைப் பக்கம் ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டதையும், பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் கொன்ற பெண் நரகம் புகுந்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். சகோதரர்களே! பேச்சு நின்றுபோன உறவினர் வீட்டுக்கு, மவுத்துச் செய்தி வரும் வரை காத்திராமல், இந்த ஜும்ஆவுக்குப் பிறகே ஒருமுறை போய் ஸலாம் சொல்லுங்கள்.

வெள்ளம் வருமுன்பே ஒன்றுபடவும், வடிந்த பின்பும் பிரியாதிருக்கவும், நம்மிடம் அடைக்கலம் தேடி வரும் எந்த ஜீவனுக்கும் துரோகம் செய்யாதிருக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.