கைவினை மரபும் இலச்சினை அறமும்

முன்னுரை

சேரர்க்கு வில்லும் சோழர்க்குப் புலியும் பாண்டியர்க்குக் கயலும் பொறிகளாக விளங்கின. இக்காலத்தில் அரசு விழாக்களும் வணிக நிறுவனங்களும் தம் அடையாள வடிவங்களைக் கைவினை மரபுகளிலிருந்து எடுத்தாள்கின்றன. ஒரு சமூகத்தின் மரபு வடிவம் பிறரது அடையாளமாகும்போது, எடுத்தாள்வோர்க்குரிய கடப்பாடு யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தில்லியில் ஆடவல்லான்

2023 செப்டம்பரில் தில்லியில் ஜி-20 உச்சிமாநாடு நடைபெற்றது. அதனையொட்டிப் பாரத மண்டபத்தின்முன் 27 அடி உயர நடராசர் திருமேனி நிறுவப்பட்டது. எண்வகை உலோகக் கலவையால், மெழுகுக் கரு கொண்டு வார்க்கும் மரபுமுறையில் சுவாமிமலையில் உருவான அத்திருமேனி, மாநாட்டின் முகமாகவே அறியப்பட்டது. இராதாகிருஷ்ணன் தபதியும் அவர்தம் குழுவினரும் அதனைச் செய்தனர் என்பதும் உடன் அறிவிக்கப்பட்டது. வடிவம் ஊர்விட்டு ஊர் சென்றபோதும் செய்தோர் மறைக்கப்படவில்லை.

பெயர்க்காப்பும் வடிவக்காப்பும்

நீலகிரித் தோடர் மகளிரின் பூத்தையல் நிலை வேறு. வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணியெண்ணிச் சிவப்பு, கறுப்பு நூல்களால் அவர்கள் தைக்கும் கோலங்கள் இறந்தோர்க்குப் போர்த்தும் பூத்துக்குளியிலும் இடம்பெறுவன. இக்கைவினை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. எனினும் 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீடுகள் சட்டம் பொருளுக்குரிய பெயரைக் காக்கிறதேயன்றிக் கோலத்தைத் தனியே காப்பதில்லை. அதே ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டமோ பதிவுபெற்ற இலச்சினையின்மீது உரியவர்க்குத் தனியுரிமை அளிக்கிறது. பலர்க்கும் பொதுவான கோலத்தைத் தழுவி அமைந்த சின்னம் ஒருவர்க்கே உரிய உடைமையாக இதனால் வழியுண்டு. அறச்சிக்கல் தோன்றுமிடம் இதுவே.

மறுப்பும் விடையும்

கலைகள் யாவும் கொண்டும் கொடுத்தும் வளர்ந்தவை. சோழர் செப்புத் திருமேனிகளும் பல்லவர் மரபின் தொடர்ச்சியே. ஆதலின் தடை கூறுதல் கலை வளர்ச்சிக்கு ஊறாகும் என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் முன்னோரிடம் பெற்ற சோழச் சிற்பி அதனைப் பின்னோர்க்கும் பொதுவாகவே விட்டுச்சென்றான். பெறுதல் குற்றமன்று, பெற்றதை வேலியிட்டு அடைத்து, தந்தோரை மறைத்தலே குற்றம்.

பெயரும் பங்கும்

இதற்கான அளவுகோல் தமிழ் மரபிலேயே உண்டு. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனைப் பெயர் சுட்டிக் குறிக்கின்றன. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களோடு அவர்தம் வீடுகளையும், ஒரு பங்குக்கு நூறு கலம் நெல் என்னும் அளவையும் பதிவுசெய்துள்ளன. கோயில் அரசன் பெயரால் வழங்கினும், கலைஞர்க்குப் பெயரும் பங்கும் உரியன என அக்காலம் ஏற்றிருந்தமை இதனாற் புலனாகும்.

முடிவுரை

மரபு வடிவத்தை இலச்சினையாக்குவோர், அதற்குரியோரைக் கலந்து அவர்தம் இசைவு பெறுதலும், அவர்கள் பெயரை வெளிப்படச் சுட்டுதலும், ஈட்டத்தில் பங்கு அளித்தலும் கடமையாம். நீத்தார் போர்வைக்குரிய கோலத்தை விற்பனைப் பொதியில் அச்சிடலாகாது என அச்சமூகம் மறுப்பின் அம்மறுப்பும் ஏற்கத்தக்கதே. சட்டம் இவற்றைக் கட்டாயமாக்காதவிடத்தும் அறம் வேண்டி நிற்கிறது. புகழுரை மட்டும் ஒருபோதும் பங்குக்கு ஈடாகாது.