ஊசிமருந்தும் நீலக் குருதியும்

நீரை வடிகட்டிப் பருகுதலும் இருளுண்ணாமையும் நம் இல்லங்களில் வழிவழி வரும் ஒழுக்கங்கள். கண்ணுக்குப் புலப்படாச் சிற்றுயிரையும் கருதிப் பார்க்கும் நாம், நோயுற்றபோது நம் உடலில் ஏற்றப்படும் ஊசிமருந்து எவ்வுயிரின் குருதியால் தூயதெனச் சான்று பெறுகிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

மருந்தைச் சூடேற்றிப் பாக்டீரியாக்களைக் கொன்றாலும், அவற்றுள் ஒரு சாராரின் மேலுறையிலுள்ள நச்சு எஞ்சி நிற்கும். அது குருதியில் கலந்தால் கடுங்காய்ச்சலும், சிலபோது மரணமும் நேரும். முன்பு மருந்தை முயலுக்குச் செலுத்தி, அதற்குக் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்தனர். குதிரைலாட நண்டின் உடலில் இத்தகு பாக்டீரியா புகுந்தால் அதன் குருதி உறைந்துவிடுவதை அமெரிக்க அறிஞர் பிரெடரிக் பாங் 1956-இல் வெளியிட்டார். பின்னர் ஜாக் லெவினும் அவரும் சேர்ந்து அதனை நச்சறியும் சோதனையாக்கினர். 1977-இல் அமெரிக்க அரசு அதற்கு இசைவளித்தது. முயல்கள் பல பிழைத்தன. துன்பம் கடலுக்கு இடம் மாறிற்று.

பெயரில் நண்டாயினும் இவ்வுயிர் சிலந்திக்கும் தேளுக்குமே உறவு. செம்பு கலந்திருத்தலால் அதன் குருதி நீலநிறம் உடையது. பிடித்து, இதயத்தருகே ஊசியிட்டு, ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குருதியை எடுத்தபின் கடலில் விடுகின்றனர். நூற்றில் பதினைந்து இறப்பதாக அமெரிக்க மீன்வளத் துறையினர் கணக்கிடுகின்றனர். முப்பது வரை இறக்கலாம் என்னும் ஆய்வுகளும் உள. டெலவேர் விரிகுடாவில் இதன் முட்டைகளை உண்டே, தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து வடதுருவப் பகுதிக்குச் செல்லும் ‘ரெட் நாட்’ பறவைகள் வலிமை பெறுகின்றன. (1990-களில் அங்கு இந்நண்டுகள் பெருகக் குறைந்தமைக்கு, மீன்பிடி இரைக்காகப் பிடித்ததே முதன்மைக் காரணம், மருந்துத் துறையின் மீதே முழுப் பழியையும் சுமத்துதல் நேர்மையன்று.)

செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூவகையாலும் வினை சாரும் என்பது நம் கொள்கை. ஆயினும் இல்லறத்தார்க்கு எண்ணித் துணிந்து செய்யும் கொலையே முற்றும் விலக்கு. அடுப்பெரித்தல், உழவு போன்றவற்றில் தவிர்க்கவியலாது நேர்வது பொறுக்கப்படும். உயிர்காக்கும் மருந்தும் அவ்வாறே எனச் சமாதானம் கொள்ளலாம். ஊசியை மறுத்து உயிர்விடுமாறு நாம் யாருக்கும் கூறோம். ஆனால், தவிர்க்கவியலாதது என்பதன் எல்லை என்றும் ஓரிடத்தில் நிற்பதில்லை.

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக அறிஞர்களான டிங் ஜியாக் லிங்கும் ஹோ பௌவும், நச்சை உணரும் புரதத்துக்குரிய மரபணுவை 1990-களிலேயே பிரித்தெடுத்து, நண்டின் குருதியின்றி அப்புரதத்தை ஆய்வகத்தில் உண்டாக்க வழிகண்டனர். 2003 முதல் அது விற்பனைக்கும் வந்தது. ஐரோப்பிய மருந்து நெறிநூலில் அச்சோதனை நடைமுறைக்கு வந்தது 2021-இல். அமெரிக்க நெறிநூலில் அது நடைமுறைக்கு வந்தது 2025 மே மாதத்தில். நீர் வடிகட்டத் துணி கையில் இருந்தும் வடிகட்டாது பருகிய ஆண்டுகளாகவே இடைப்பட்ட காலத்தை நாம் கருதுகிறோம்.

மருந்து உற்பத்திக் கூடங்களில் பணியாற்றுவோர் நம் குடும்பங்களில் இருப்பின், அங்கு எச்சோதனை கையாளப்படுகிறது என்று அவர்கள் வினவலாம். மாற்றுச் சோதனைக்கு இப்போது நெறிநூல்களின் இசைவு உண்டு என்பதையும் மேலாளர்க்கு எடுத்துரைக்கலாம்.