புள்ளின் வழியும் உயிரின் வழியும்

திருமறைக்காட்டிற்குத் தெற்கே, வங்கக் கடற்கரை மேற்கே திரும்பும் முனையில் உள்ளது திருக்கோடி. இறைவன் கடலருகே தனித்து வீற்றிருத்தலைக் கண்டு நம்பியாரூரர் உள்ளங் கரைந்து பாடிய தலம் அது. 1967-ஆம் ஆண்டில் வனவுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்ட அக்காட்டினும் அதனையடுத்த உப்புச் சேற்றுநிலத்தினும் புரட்டாசி தொடங்கி வடதிசைப் புட்கள் வந்திறங்குகின்றன. அக்காலத்தே ஊர்களில் வீட்டுக் கொல்லைகளிலும் ஆறுமணிக்குருவியின் குரல் கேட்கும்.

அப்புட்களுள் கொசு உள்ளான் என்பது ஏறக்குறைய 25 கிராம் எடையே உடையது. ஆர்க்டிக் பகுதியின் பனிநிலத்திற் பிறப்பது. தாய்தந்தைப் புட்கள் முன்னரே புறப்பட்டுவிட, அவ்வாண்டிற் பிறந்த குஞ்சுகள் பின்னர்த் தாமே பறந்து தென்னாடு சேர்கின்றன. இதனைக் காட்டி, "சிறு புள்ளுக்கே உள்ளுணர்வு வழிகாட்டுமாயின், ஆறறிவுடைய மனிதனுக்கு ஆசிரியன் எற்றுக்கு?" என வினவுவாரும் உளராவர். இவ்வினா எளிதில் தள்ளற்பாலதன்று.

ஆலந்து நாட்டுப் பெர்டெக் என்பார் 1958-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று ஈண்டு நோக்கத்தக்கது. நம் நாட்டுச் சோளக்குருவிக்கு இனமாகிய பறவைகள் பதினோராயிரத்திற்கு மேற்பட்டவற்றை, வலசை போகுங்காலத்து அந்நாட்டிற் பிடித்து, சுவிட்சர்லாந்திற்குக் கொண்டுபோய் விடுத்தனர். முன்னர் வலசை சென்று பழகிய முதுபறவைகள் வடமேற்கே திரும்பித் தாம் வழக்கமாகத் தங்கும் இடத்தை நாடின. இளம்பறவைகளோ முன் சென்ற திசையிலேயே பறந்து, தென்பிரான்சிலும் இசுப்பானியத்திலும் போய்ச் சேர்ந்தன. அவற்றிற்குத் திசை தெரிந்தது, சேருமிடம் தெரிந்திலது. தாம் பெயர்த்து வைக்கப்பட்டோம் என்பதும் தெரிந்திலது.

இத்திசையறிவு தனுகரணங்களோடு உடன் வந்தது. அவை சடமாகலின் தாமே இயங்கா. உயிரும் அறிவித்தாலன்றி அறியாது. ஆகலான் அவற்றை இயக்குவது, மறைந்து நின்று போகத்தை ஊட்டும் திரோதான சத்தியேயாம். இரைக்கும் உறையுளுக்கும் அது போதும். வீட்டிற்குப் போதாமை என்னையெனின், அச்சத்தி மலபரிபாகம் எய்துங்காறும் தன்னைக் காட்டாது உலகத்தையே காட்டி நிற்றலான் என்க. புறவிருள் தன்னையேனும் காட்டும், ஆணவமோ தன்னையுங் காட்டாது என உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் விளக்கியருளினார். பெயர்க்கப்பட்டமை அறியாத இளம்புள்ளின் நிலை அதற்கு ஒருபுடை ஒப்பாம்.

அற்றேல், முதுபறவை அனுபவத்தால் திருந்தியதுபோல உயிரும் பல பிறவியிற் பட்டறிந்து தானே திருந்தாதோ எனின், திருந்தாது. முதுபறவை அவ்விடத்தை முன்னரே கண்டது. உயிர் சிவபோகத்தை ஒருகாலும் நுகர்ந்ததன்று. மேலும், அவ்விளம்பறவைகளுள் எஞ்சியவை அடுத்த ஆண்டுகளிலும் அப்புதிய இடத்தையே தேடிச் சென்றன. முதலிற் சார்ந்த இடமே அவற்றிற்குத் தம்மிடமாயிற்று. பறவைக்கு அதனாற் குறையில்லை. இசுப்பானியத்திலும் இரை உண்டு. சார்ந்ததன் வண்ணமாம் உயிரோ உலகத்தைச் சார்ந்து பழகுந்தோறும் அதனையே தன் வீடெனத் துணிகின்றது. ஆண்டு அனுபவம் பிழையைத் திருத்தாது உறுதிப்படுத்துகின்றது.

இறைவன் உள்நின்றே உணர்த்துதலும் உண்டன்றோ எனின், உண்டு, அது விஞ்ஞானகலர்க்கு. மும்மலமுடைய சகலர்க்கு அவன் மானுடத் திருமேனி தாங்கிக் குருவாய் எழுந்தருளியே உணர்த்துவன். வேடரிடை வளர்ந்த அரசமகனுக்குத் தந்தையே வந்து அவன் குலத்தை அறிவித்தல் போல என்பது சிவஞானபோதம் எட்டாஞ் சூத்திரத்தின் கருத்து. அவ்வுவமை கொண்டு, உயிர் முன்னொருகால் முத்தியிலிருந்து பின் பிரிந்ததெனக் கொள்ளற்க. ஆணவம் அநாதியாகலின், அரசமகன் பிறந்த வீட்டை மறந்தான். உயிர் தன் வீட்டை இன்னும் கண்டதேயில்லை.