விடைபெறத் தெரிந்த செல்

கடையநல்லூருக்கு மேற்கே மலையடிவாரத் தோப்புகளில் யானை இறங்கிப்போன மறுநாள் காலை பார்த்தால் தெரியும். தென்னங்கன்று சாய்ந்து கிடக்கும். அதன் குருத்து மட்டும் காணாமல் போயிருக்கும். வாழைகள் மிதிபட்டுப் பிளந்து கிடக்கும். ஈரமண்ணில் முறம் அகலத்துக்குக் காலடி பதிந்திருக்கும். பாடுபட்டு நட்டவருக்கு அது பெரிய இழப்பு. ஆனால், அவ்வளவு பெரிய உடம்பு தனக்குள் காத்துவரும் ஒழுங்கை எண்ணும்போது மனம் பணிந்துபோகிறது.

வளர்ந்த ஆசிய ஆண் யானை ஏறக்குறைய நான்கு டன் எடையிருக்கும். அறுபது, எழுபது வயது வரை வாழும். ஒரு செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் மரபணுவில் பிழை நேரலாம். பிழைகள் சேர்ந்தால் புற்றுநோய். நம்மைவிடப் பல மடங்கு செல்கள் உள்ள யானைக்கு அது பல மடங்கு வந்திருக்க வேண்டும். ஆனால் புற்றுநோயால் சாகும் யானைகள் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை.

காரணத்தைத் தேடிய அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகக் குழு 2015இல் ஒரு விடையைச் சொன்னது. டிபி53 என்ற மரபணு நமக்குத் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஆசிய யானைக்கு முப்பதிலிருந்து நாற்பது.

இந்த மரபணு உண்டாக்கும் பி53 புரதம் 1979இல் கண்டறியப்பட்டது. செல்லின் டிஎன்ஏ அறுபட்டால் பி53 முதலில் பிரிதலை நிறுத்துகிறது. பழுதுபார்க்க அவகாசம் தருகிறது. பழுது தீராது என்றால் செல்லுக்கு முடிவு குறிக்கப்படுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் துளை விழுகிறது. காஸ்பேஸ் என்னும் நொதிகள் உள்ளிருப்பவற்றை வெட்டுகின்றன. செல் சுருங்கிச் சிறு பொட்டலங்களாகிறது. அவற்றை அக்கம்பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடுகின்றன. வீக்கமில்லை, சீழில்லை.

கதிர்வீச்சால் பழுதாக்கப்பட்ட ரத்தச் செல்களை அக்குழு ஒப்பிட்டது. யானையின் செல்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 இப்படி மடிந்தன. நலமான மனிதரிடம் 7. டிபி53 மரபணுவின் ஒரு பிரதி பிறவியிலேயே பழுதாக உள்ளவர்களிடம் 3. அந்தப் பிறவிக் குறை உள்ளவர்களைப் புற்றுநோய் இளவயதிலேயே, ஒன்றுக்கு மேற்பட்ட முறைகூட, தாக்குகிறது.

வளர்வது மட்டுமே உயிரின் வேலை என்று நினைக்கிறோம். கருவில் நம் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்ததே இடையிலிருந்த செல்கள் மடிந்ததால்தான். வளரவும் வேண்டும், நிற்கவும் வேண்டும், வேளை வந்தால் போகவும் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்ததே உயிர். போக மறுத்துப் பெருகிக்கொண்டே இருக்கும் செல், தன்னைச் சுமக்கும் உடம்பையே கொன்று தானும் அழிகிறது. எல்லையை மதிக்கும் செல்களால்தான் யானை அத்தனை பெரிதாக வாழ முடிகிறது.

மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் டிபி53 மரபணு பழுதாகியிருக்கிறது. புகையிலைப் புகையிலுள்ள நச்சு, இதே மரபணுவின் முக்கிய இடங்களில் போய் ஒட்டுவதை 1996லேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்று இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். புகையிலை மெல்லும் பழக்கமே அதற்குப் பெருங்காரணம். யானைக்கு நாற்பது காவல் இருக்கலாம். நமக்கு இரண்டுதான். பீடியையும் புகையிலையையும் இன்றே விட்டுவிடுங்கள்.