உறங்கும் உயிரை எழுப்பலாமா?

உயிர் எங்கே தொடங்குகிறது என்ற வினா மிகப் பழமையானது. உபநிடத ரிஷிகள் அதனை வனத்தில் அமர்ந்து ஆராய்ந்தனர். இன்று அதே வினா செம்பூரிலோ மாதுங்காவிலோ ஓர் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில், சில லிட்டர் நீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியின் முன்னால் எழக்கூடும். அதனை எழுப்புவது கடுகைக் காட்டிலும் சிறிய ஒரு முட்டை.

டிரையாப்ஸ் என்பது இறால் இனத்தோடு தூரத்து உறவுடைய ஒரு நன்னீர்ப் பிராணி. முதுகில் கேடயம் போன்ற ஓடும், அடியில் எண்ணற்ற கால்களும், பின்னால் இரட்டை வாலும் கொண்டது. தலைப்பிரட்டையைப் போலத் தோன்றும்; முழு வளர்ச்சியிலும் பெரும்பாலும் ஒரு விரலின் நீளத்தைத் தாண்டாது. கிரேக்க மொழியில் அப்பெயருக்கு ‘மூன்று கண்’ என்று பொருள். இரண்டு கூட்டுக் கண்களுக்கு இடையே ஒரு சிறு கண் இருப்பதால் அப்பெயர் வந்தது. முக்கண்ணனை வழிபடும் மக்களுக்கு இப்பெயர் ஒரு புன்னகையை வரவழைக்கும். இதன் முன்னோரைப் போன்ற உருவங்கள் இருபது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பாறைகளில் பதிந்து கிடக்கின்றன. ஆயினும் இன்றைய இனங்கள் அவ்வளவு பழமையானவை அல்ல என்று அண்மைக்கால மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. உருவம் பழையது, இனம் புதியது.

மழைக்குப் பின் சில வாரங்கள் மட்டுமே நிற்கும் குட்டைகளே இதன் வாழிடம். நமது நாட்டிலும் இவ்வினம் உண்டு. மகாராஷ்டிரத்தின் மேட்டுநிலங்களில் மழைக்காலத்தில் தோன்றும் சிறு குட்டைகளில் இதன் உறவினங்கள் பலவற்றை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். குட்டை வற்றுமுன் முட்டையிட்டுவிட்டுத் தாய் இறந்துபோகும். முட்டைகள் சேற்றோடு உலர்ந்து, வெயிலில் வெந்து, காற்றில் பறந்து, ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கும். இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் பொரித்தவை உண்டு. சூடான் நாட்டு முட்டைகள் கொதிநிலையை ஒட்டிய வெப்பத்தையும் பல மணி நேரம் தாங்கியதாக 1968இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒளியும், உப்பு மிகக் குறைந்த நீரும், மிதமான வெப்பமும் சேர்ந்தால் ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் முட்டை திறக்கிறது.

இந்த இயல்புதான் அதனை வணிகப் பொருளாக்கியது. அமெரிக்காவில் ஹரோல்ட் வான் பிரவுன்ஹட் என்பவர் இதன் உறவினமான ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறாலின் முட்டைகளை முதலில் ‘உடனடி உயிர்’ என்று பொருள்படும் பெயரில் விற்றார். 1960களில் அவை ‘கடல் குரங்குகள்’ ஆயின. படக்கதை இதழ்களில் வந்த விளம்பரங்களில் அவை கிரீடம் அணிந்த குடும்பமாகச் சிரித்தன. வாங்கிய சிறுவர்கள் நீரில் கண்டதோ துள்ளும் சில புள்ளிகளை. டிரையாப்ஸ் முட்டைகளும் அவ்வாறே பொட்டலங்களில் உலகைச் சுற்றத் தொடங்கின. காபி தூளுக்கு ‘உடனடி’ என்ற அடைமொழி பொருந்தும். உயிருக்கு அது பொருந்துமா என்பதை எவரும் அப்போது அதிகம் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

முதல் சிக்கல் இது: பொட்டலத்தில் இருப்பது உயிருள்ளதா, இல்லையா?

1702இல் லூவன்ஹூக் கூரைத் தாழ்வாரத்தின் உலர்ந்த தூசியில் நீரூற்றி, அதில் நுண்ணுயிர்கள் நீந்தத் தொடங்கியதைக் கண்டார். 1860இல் பாரிஸில் பால் புரோகா என்ற மருத்துவ அறிஞர் ‘உயிர்த்தெழும் விலங்குகள்’ பற்றி ஒரு நீண்ட அறிக்கையே எழுதினார். முற்றிலும் உலர்த்திச் சூடேற்றிய சிற்றுயிர்களும் நீர்பட்டதும் மீள்வதை அது உறுதிசெய்தது. 1959இல் டேவிட் கீலின் இந்நிலைக்கு ‘மறைந்த உயிர்’ என்று பொருள்படும் ஒரு பெயர் சூட்டினார். ஆர்ட்டீமியா கருக்களைப் பிராணவாயு சிறிதுமின்றி நீரில் நான்கு ஆண்டுகள் வைத்திருந்து, பின்னர் அவை உயிரோடு மீண்டதை ஜேம்ஸ் கிளெக் 1997இல் வெளியிட்டார். அக்காலம் முழுவதும் அவற்றுள் உயிர்ச்செயல் எதுவும் நிகழ்ந்ததாக அளக்க முடியவில்லை. உண்ணவில்லை, சுவாசிக்கவில்லை, வளரவில்லை, சிதையவும் இல்லை.

உயிர் என்பது செயல் என்று கொண்டால் அம்முட்டை உயிரற்றது. அவ்வாறாயின் நீரூற்றுபவன் உயிரைப் படைப்பவனாகிறான். உயிர் என்பது ஆற்றல் என்று கொண்டால் முட்டை உயிருள்ளது. நீரூற்றுபவன் அதனை எழுப்புகிறான், அவ்வளவே. இவ்விரண்டுக்கும் இடையே நமது தரிசனங்கள் வெகுகாலம் வாதிட்டுள்ளன. காரியம் காரணத்திலேயே மறைந்திருக்கிறது என்பது சாங்கியரின் சத்காரியவாதம். எள்ளைச் செக்கிலிட்டால் எண்ணெய் வரும், மணலை இட்டால் வராது என்பது அவர்கள் காட்டும் உதாரணம். காரியம் புதிதாகவே தோன்றுகிறது என்பது நையாயிகரின் கொள்கை. சாந்தோக்கியத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவிடம் ஆலம்பழத்தைப் பிளக்கச் சொல்கிறார். பிறகு விதையையும் பிளக்கச் சொல்கிறார். உள்ளே எதுவும் தெரியவில்லை என்கிறான் மகன். அந்தத் தெரியாத நுண்மையிலிருந்தே இப்பெருமரம் நிற்கிறது என்று தந்தை விளக்குகிறார். டிரையாப்ஸ் முட்டையைப் பிளப்பவனும் சுவேதகேதுவின் விடையையே தருவான்.

சிலர் இதனை ஆழ்ந்த உறக்கத்தோடு ஒப்பிடுவர். ஒப்புமை ஓரளவே பொருந்தும். உறங்குபவனிடம் மனம் ஒடுங்கினாலும் பிராணன் இயங்குகிறது. விழித்தபின் ‘சுகமாக உறங்கினேன்’ என்று அவன் சொல்கிறான். உலர்ந்த முட்டையில் பிராண இயக்கமும் காணப்படவில்லை, விழித்தபின் சொல்வாரும் இல்லை. விதையின் உவமையே இங்கு நெருக்கமானது.

சட்டமும் இங்கு அதிகம் உதவாது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மனிதனல்லாத எந்த உயிருள்ள பிராணியையும் விலங்கு என்றே வரையறுக்கிறது. நீந்தும் டிரையாப்ஸ் அதற்குள் அடங்கும். பொட்டலத்தில் இருப்பதைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை. ஆற்றல் உள்ளதெல்லாம் உயிர் என்று கண்டிப்பாகக் கொண்டால், மேசை இழுப்பறையில் மறந்துபோன பொட்டலம் ஒரு பாவமாகிவிடும். அவ்வளவு தூரம் எவரும் செல்வதில்லை, செல்லவும் வேண்டியதில்லை. எழுப்பப்படாத முட்டைக்குப் பசி இல்லை, அச்சம் இல்லை. அது காத்திருக்கிறது என்பதும் நாம் ஏற்றிச் சொல்லும் சொல்லே.

ஆதலால் தர்மம் பற்றிய கேள்வி முட்டையிடம் தொடங்குவதில்லை, நீரூற்றும் கையிடம் தொடங்குகிறது.

செம்பூரில் ஒரு சந்திப்புக்குப் பாஞ்சராபோள் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. ஆதரவற்ற விலங்குகளைக் காக்கும் இல்லத்தைக் குறிக்கும் பெயர் அது. பூலேஷ்வரில் அத்தகைய இல்லமொன்று 1834இல் ஜம்செட்ஜி ஜீஜீபாய் முதலியோரால் நிறுவப்பட்டது. அங்கே வந்து சேர்ந்தவை ஏற்கெனவே பிறந்து, ஏற்கெனவே துன்புற்ற உயிர்கள். துன்பம் முதலில் இருந்தது, கருணை பின்னால் வந்தது. தொட்டியில் டிரையாப்ஸ் வளர்ப்பவரின் நிலை இதற்கு நேர்மாறானது. தேவையே இல்லாதிருந்த ஒன்றை அவர் தேவை உள்ளதாக்குகிறார். அதன் பின்னரே அத்தேவையை நிறைவேற்ற முனைகிறார். மாதுங்காவில் வாசலில் அரிசி மாவால் கோலமிடும் பெண்மணி எறும்பைப் பிறப்பிக்கவில்லை, வந்த எறும்புக்கு உணவிடுகிறார். தம் சங்கல்பத்தால் பிறந்த உயிருக்கு உணவிடுவதை அன்னதானம் என்று சொல்வதற்கில்லை. அது கடன்.

மழையும் இதையேதான் செய்கிறது என்று ஒருவர் வாதிடலாம். ஜூன் மாதத்தில் பெய்யும் முதல் மழை கோடிக்கணக்கான முட்டைகளை எழுப்புகிறது. ஒரு வாரம் வெயில் அடித்தால் அத்தனையும் மடிகின்றன. மழையை எவரும் குற்றம் சொல்வதில்லை. வாதம் வலுவானதே. ஆனால் மழைக்குச் சங்கல்பம் இல்லை, நாளை என்ன நிகழும் என்ற அறிவும் இல்லை. அறிந்து செய்பவனே கர்த்தா. மேலும், மழை நம்பத்தகாதது என்பதற்கேற்ப அம்முட்டைகளின் இயல்பு அமைந்துள்ளது. ஒரே தாயின் முட்டைகள் அனைத்தும் ஒரே மழையில் பொரிப்பதில்லை. ஒரு பகுதி எழும்; ஒரு பகுதி அதே நீரில், அதே ஒளியில் மூடியே கிடந்து, அடுத்த மழைக்கோ அதற்கடுத்த மழைக்கோ எஞ்சும். முதல் குட்டை வற்றினாலும் குலம் அழியாது. மழையின் அலட்சியத்துக்கு இயற்கை ஏற்பாடு செய்திருக்கிறது. மனிதனின் அலட்சியத்துக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை.

அலட்சியம் பெரும்பாலும் கொடுமையாக வருவதில்லை, ஆர்வமாகவே வருகிறது. ஒரு சிறுவனின் பிறந்தநாளுக்குப் பொட்டலம் வாங்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். குழாய் நீரை உடனே ஊற்றினால் அதிலுள்ள குளோரின் பொரித்தவற்றைக் கொல்லும். முதல் நாள்களில் அவை கண்ணுக்கு அரிதாகவே தெரியும் புள்ளிகள். நீரில் வளரும் நுண்ணுயிர்களே அப்போது அவற்றின் உணவு. சிறுவன் அன்பின் மிகுதியால் கைநிறைய உணவைத் தூவுகிறான். உணவு அழுகி, நீர் கலங்கி, மறுநாள் காலையில் தொட்டி அசைவற்றுக் கிடக்கிறது. முழு ஆயுள் வாழ்ந்தாலும் அவை இரண்டு மூன்று மாதங்களே வாழும் என்று பெற்றோர் ஆறுதல் சொல்வர். அந்த ஆறுதல் தவறானது. மூன்று மாதம் நமது அளவுகோலில் குறுகியது. டிரையாப்ஸுக்கோ அது இளமையும் முதுமையும் அடங்கிய ஒரு முழு வாழ்வு. இரு வாரங்களுக்குள் பருவமடைந்து சந்ததியையும் விட்டுச் செல்கிறது. குறுகிய ஆயுள் குறையன்று. மூன்றாம் நாளில் முடிந்துபோனதுதான் குறை.

இன்னொரு செய்தியையும் சிறுவனுக்கு முன்கூட்டியே சொல்வது நல்லது. டிரையாப்ஸ் தன் இனத்தையே உண்ணும். தோலுரித்து மென்மையாக இருக்கும் துணையை மற்றது கடித்துத் தின்பது வழக்கம். இதற்காக அப்பிராணியைப் பழிப்பதில் பொருளில்லை. ஸ்வதர்மம், அதர்மம் என்ற சொற்கள் அதற்கு உரியவை அல்ல. ஆனால் ஐந்து உயிர்க்கே இடமுள்ள தொட்டியில் ஐம்பதை எழுப்பியவரைக் கேட்காமல் இருக்க முடியாது. இதே நகரில் அலங்கார மீன் வளர்ப்போர் ஆர்ட்டீமியா முட்டைகளைப் பொரிக்கவைத்து, மீன்குஞ்சுகளுக்கு இரையாக்குகின்றனர். பிறந்த அன்றே மடியும் அவ்வுயிர்களைப் பற்றி என்ன சொல்வது? அங்கே மீன்குஞ்சின் பசி என்ற ஒரு காரணமாவது இருக்கிறது. வேடிக்கைக்காக எழுப்புபவரிடம் அந்தக் காரணமும் இல்லை. எனவே அவருடைய கடமை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. இரைக்காக எழுப்புவது முற்றிலும் தகுமா என்பது இன்னும் கடினமான வினா. மீன் வளர்ப்பதே தகுமா என்பதை முடிவு செய்யாமல் அதற்கு விடை கூற இயலாது.

தாராவியில் குழாய் நீர் நாளில் சில மணி நேரமே வரும் சந்துகள் உண்டு. குடங்கள் வரிசையில் நிற்கும் இடத்தில் தொட்டிக்கு ஒதுக்கும் நீர் யாருடைய பங்கு என்பதையும் எண்ண வேண்டும். மழைக்காலத்தில் கொசு வளரும் தேங்குநீரை மாநகராட்சி ஊழியர்கள் வீடு வீடாகத் தேடி வருவதும் உண்டு. மழைநீரைப் பிடித்து வைத்தால் டிரையாப்ஸ் முட்டைக்கு அது குழாய் நீரைவிட ஏற்றது. மூடி வைத்தால் அண்டை வீட்டாருக்கும் தொல்லையில்லை.

சலித்துப்போன சிலர், எஞ்சியவற்றைக் கருணையோடு விடுவிப்பதாக எண்ணிப் போவாய் போன்ற ஏரியில் கொட்டிவிட நினைப்பர். அந்நிய இனத்தை ஏரியில் விடுவது அங்குள்ள உயிர்களுக்குத் தீங்காக முடியலாம். கலிபோர்னியாவின் நெல் வயல்களில் இளநாற்றைக் கெடுக்கும் பூச்சியாகவே டிரையாப்ஸ் கருதப்படுகிறது. ஜப்பானியர் அதையே களையை அடக்கும் துணையாகவும் கண்டனர். ஒரே பிராணி ஓரிடத்தில் துணை, ஓரிடத்தில் பகை. ஜைன இல்லங்களில் குடிநீரைத் துணியால் வடிகட்டியபின், துணியில் தங்கிய சிற்றுயிர்களை நீர் எடுத்த அதே கிணற்றுக்குத் திருப்பி அளிக்கும் ஒரு மரபு உண்டு. வேறு நீரில் அவை வாழா என்ற நுட்பமான கவனம் அதில் அடங்கியிருக்கிறது. அஞ்சலில் வந்த டிரையாப்ஸுக்குத் திரும்பிச் செல்ல அத்தகைய கிணறு இல்லை. அதன் கிணறு அந்தத் தொட்டியே.

கடைசிப் பிராணியும் இறந்தபின் தொட்டியின் அடியில் மணல் எஞ்சும். அம்மணலில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கலாம். நீரை வடித்து, மணலை நிழலில் உலர்த்தி, காகிதத்தில் மடித்து, நாளைக் குறித்து வைப்பது வளர்ப்போர் வழக்கம். ஒரு தேக்கரண்டி மணலை மட்டும் எடுத்து, அதற்குரிய நீரும் நேரமும் உள்ள ஓர் ஆண்டில் மீண்டும் நனைக்கலாம். மற்றதை உலர்ந்தபடியே விட்டுவைக்கலாம். நனைத்த மணலிலும் எல்லா முட்டைகளும் திறப்பதில்லை.