வராத நாளும் வந்த நாளும்

உழைப்புக்கு ஈடாகக் கூலி என்ற உடன்படிக்கையில், உழைக்காத நாளுக்குக் கூலி கேட்க எவருக்கும் உரிமையில்லை என்பது எளிதில் மறுக்க முடியாத நியாயம். 'வேலை இல்லையேல் ஊதியம் இல்லை' என்று தொழிலுறவு வழக்கில் சொல்லப்படுவதும் இதுவே. ஆயினும் வராத நாளின் கூலியைத் தராமல் விடுவது வேறு, வராததற்காக வந்த நாளின் கூலியில் கை வைப்பது வேறு. பின்னது தண்டம், உடன்படிக்கையின் ஒரு தரப்பே நீதிபதியாகவும் இருந்து விதிக்கும் தண்டம்.

இந்தியாவின் 1936-ஆம் ஆண்டு ஊதிய வழங்கல் சட்டம் இந்த வேறுபாட்டை உணர்ந்தே, வராத காலம் மொத்த வேலைக்காலத்தில் எவ்வளவு பங்கோ அதற்கு மேல் பிடித்தம் செய்யலாகாது என்று விதித்தது. ஆனால் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிப் பேசி, ஒப்பந்தப்படி தர வேண்டிய முன்னறிவிப்பும் தக்க காரணமும் இன்றி வராதிருந்தால், எட்டு நாள் ஊதியம் வரை பிடிக்கலாம் என்ற விலக்கையும் அதே பிரிவு வைத்தது. தனியாக வராதவருக்குக் கணக்கும் கூடி வராதவருக்குத் தண்டமும் என்ற இந்த ஏற்பாட்டைச் சட்டம் அனுமதிக்கலாம். அறம் அனுமதிப்பதாகக் கொள்வது கடினம்.

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் இதே பிடித்தம் ஊக்கத்தொகை என்ற பெயரில் நடந்தது. 2016-ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபாய் என்று சொல்லப்பட்டாலும், அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய்தான்; 60 ரூபாய் வரவுக் கொடுப்பனவு, அதாவது வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 விழுக்காடு வந்தவருக்கு மட்டும் உரியது. 25 நாள் வேலை தந்த மாதத்தில் 19 நாள் வந்தவர் அதைப் பெறுவார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இன்னொரு நாள் வீட்டில் நின்றுவிட்டவர், அந்த நாளின் சம்பளத்தோடு, கொழுந்து பறித்த 18 நாட்களுக்கான 1,080 ரூபாயையும் இழப்பார். ஊக்கத்தொகை கூலியாகாது, ஆகவே அதைத் தராதது பிடித்தமும் ஆகாது என்று நிர்வாகத்தின் சார்பில் வாதிடலாம். கூலி எவ்வளவு என்று ஊருக்குச் சொல்லும்போது அந்த 60 ரூபாயையும் சேர்த்துச் சொன்னவர்கள் அவ்வாறு வாதிடுவது நேர்மையாகாது. 2019 ஒப்பந்தத்தில் இக்கொடுப்பனவு நீங்கியது.

நீங்காதிருப்பது 'அரைப்பேர்'. தோட்டங்களில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். தோட்டம் கேட்கும் கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் செக்ரோலில், அதாவது வரவுப் பதிவேட்டில், அரைப்பேரே விழும். மழையில்லாமல் தேயிலை துளிர்விடாத மாதத்தில், 18 கிலோ கேட்கும் மலையில் காலை முதல் மாலை வரை நின்று 12 கிலோவோடு தராசுக்கு வரும் பெண், அந்நாளின் பாதியில் வேலைக்கு வராதவராகவே எழுதப்படுகிறார்.