பக்கத்தில் உட்கார ஓர் அண்ணன்

ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகத்தில், கட்டுரை எழுதத் திணறும் மாணவருக்குத் துணைக்கு வருபவர்கள் முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள். சிவப்பு மையால் திருத்திக் கொடுப்பது அவர்கள் வேலை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வரியில என்ன சொல்ல வந்தீங்க?" என்று கேட்பார்கள். பதில் சொல்லும்போதே பாதிச் சிக்கல் பிடிபட்டுவிடும்.

நமக்கு இது புதுசா என்ன? திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் 'அ' எழுதவைத்தவன் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளைதான். (பிரம்பும் அவனிடம்தான் இருந்தது, அதை மட்டும் விட்டுவிடலாம்.) 1789இல் சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் நம் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, மாணவனையே மாணவனுக்கு ஆசிரியனாக்கினார். 1797இல் லண்டனில் அதை நூலாகவும் போட்டார். 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது இப்படித்தான்.

அப்படி ஒரு துணை இன்று தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் கள்ளச்சாராயம் வீடு வீடாக உயிர் பறித்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை அரசு ஏற்பதாக அறிவித்தது. பணம் சரி. சாயங்காலம் நோட்டைத் திறந்தால் பக்கத்தில் உட்கார யார் இருக்கிறார்கள்?

கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகளே, வாரத்தில் ஒரு சாயங்காலம் அந்தத் தெருக்களுக்குப் போங்கள். கட்டுரையை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். என்ன சொல்ல நினைக்கிறாய் என்று கேளுங்கள்.